சரக்கு சேர்ந்ததா?

வியாபாரத்தில் பழகிய எவருக்கும் ஒரு விஷயத்தை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு அனுப்பியது ஒரு கணக்கு. சரக்கு சேர்ந்தது வேறொரு கணக்கு. 100 மூட்டை அனுப்பியதாக ஏடு சொல்லும். கிடங்கில் இறக்கிப் பார்த்தால் விற்கத் தக்கது 96தான் இருக்கும். இரண்டு நனைந்து போயிருக்கும். ஒன்று கிழிந்து சிந்தியிருக்கும். மற்றொன்று எங்கே போயிற்று என்று லோரிக்காரருக்கும் தெரியாது. அனுப்பியவரைக் கேட்டால் 100 என்பார். வாங்கியவருக்கோ 96தான் சரக்கு.

இந்தச் சிறு கணக்கை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மனித உயிர் சம்பந்தப்பட்ட ஒரு பெரிய காரியத்திலும் இதே கேள்விதான் எழுகிறது. புற்றுநோய்க்கு இக்காலத்தில் 'நானோ' என்னும் முறையில் மருந்து செலுத்துகிறார்கள். மருந்தை மிக நுண்ணிய உறையில் அடைத்து, உடம்பின் மற்ற பாகங்களை விட்டுவிட்டு, நோய் கொண்ட செல்லுக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் 'நேராகச் சேர்க்கும்' என்ற சொல் இருக்கிறதே, அது மருந்து ஓடுவதைவிட வேகமாக ஊரெல்லாம் ஓடிவிட்டது.

ஆகவே நாம் கேட்க வந்த கேள்வி இது: சாவுக்கு அஞ்சி நிற்கும் ஒருவரிடம் சரக்கின் அளவை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டுமா? அல்லது அவர் மனம் தளராமல் இருக்க, நல்லதை மட்டும் சொன்னால் போதுமா?

இது டாக்டர்களுடைய கேள்வியாயிற்றே, மளிகைக் கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று சகோதரர்களில் சிலர் நினைக்கக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்த நினைப்புத் தவறு என்று நமக்குக் காட்டிய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்வதில் நமக்குப் பெருமை ஏதும் இல்லை.

நம் கடையில் நடந்தது

சில வருஷங்களுக்கு முன் விற்பனை ஏஜெண்டு ஒருவர் நம் கடைக்கு வந்தார். அழகான புட்டி, தங்க எழுத்தில் 'நானோ' என்று போட்டிருந்தது. உள்ளே இருக்கும் நுண்துகள்கள் உடம்பில் நோயுள்ள இடத்திற்கே நேராகச் செல்லும் என்று கீழே அச்சிட்டிருந்தது. கமிஷன் நன்றாக இருந்தது. விற்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். நாம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தேன் புட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு டஜனை அடுக்கி வைத்தோம்.

நம்மிடம் 15 வருஷமாகப் பற்றுக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கைக்காரர் ஒருவர் உண்டு. அவருடைய மனைவிக்கு மார்பில் கட்டி கண்டு, சோதித்து, புற்றுநோய்தான் என்று சொல்லி, வைத்தியம் தொடங்கத் தேதியும் கொடுத்திருந்தார்கள். முடி கொட்டும், வாந்தி வரும் என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு அந்த அம்மாள் பயந்து போயிருந்தார். அரிசி வாங்க வந்த இடத்தில் கணவர் கண்ணில் அந்தப் புட்டி பட்டது. கையில் எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு நம்மிடம் கேட்டார்:

"பாய், இது நேரா அந்த இடத்துக்கே போகுமா?"

நாம் பதில் சொன்னோம்: "அப்படித்தான் போட்டிருக்கு."

இரண்டே சொல். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. புட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது.

அவர் வாங்கிப் போனார். அது தீர்ந்ததும் இன்னொன்று வாங்கினார். ஆஸ்பத்திரி கொடுத்த தேதி கடந்து போயிற்று. நாலு மாதம் கழித்து அவர்கள் அங்கே போனபோது நோய் வேறு இடங்களுக்கும் பரவியிருந்தது. அந்த அம்மாள் இன்று இல்லை. முதலில் சொன்ன தேதியில் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது இறைவனுக்கே வெளிச்சம். ஆனால் அந்த நாலு மாதம் எங்கே கழிந்தது என்பது நமக்குத் தெரியும்.

அவர் இன்றும் நம் கடைக்குத்தான் வருகிறார். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஒரு நாள் மாதக் கணக்கைத் தீர்த்துவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டார்: "பாய், அந்த நானோங்கிறது உண்மையிலேயே இருக்கா? இல்லே, சும்மா பேரா?" குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை. விற்கத் தெரிந்த நமக்கு, விற்றது என்னவென்று தெரியவில்லை.

நம் உறவில் மருந்தாளராக வேலை பார்க்கும் பிள்ளை ஒருவர் இருக்கிறார். கடை அடைத்த பிறகு பல இரவுகள் அவரிடம் உட்கார்ந்து கேட்டோம். ஆரம்பப் பள்ளியும் மதரஸாவுமே கண்ட நமக்கு விளங்கும்படி அவர் எடுத்துச் சொன்னதை இங்கே தருகிறோம்.

உறைக்குள் இருக்கும் மருந்து

நானோ என்பது வெறும் பெயர் அல்ல, ஓர் அளவு. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நாம் பேசும் மருந்து உறைகள் ஏறக்குறைய 100 நானோமீட்டர் அகலம். நம் தலைமுடி ஒன்றின் குறுக்கே சுமார் ஆயிரம் உறைகளை வரிசையாக அடுக்கலாம் என்றால் அளவு விளங்கும்.

இப்படி ஒரு வழியைத் தேட வேண்டிய அவசியம் ஏன் வந்தது? புற்றுநோய்ச் செல் அயலூரிலிருந்து வந்த எதிரி அல்ல. நம் உடம்பின் செல்லே கட்டு மீறிப் பெருகுவதுதான். பெருகும் செல்லைக் கொல்லும் மருந்தை இரத்தத்தில் ஏற்றினால், அது முடியின் வேர், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை ஆகிய வேகமாகப் பெருகும் நல்ல செல்களையும் தாக்குகிறது. குற்றவாளி ஒருவனைப் பிடிக்க ஊரையே கொளுத்துவது போன்ற நிலைமை. குற்றவாளியை மட்டும் தேடிச் செல்லும் மருந்து வேண்டும் என்று ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் கனவு கண்டார். அதற்கு 'மந்திரக் குண்டு' என்று பெயரும் வைத்தார். அவர் 1908ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். 100 வருஷத்துக்கும் மேலான கனவு இது.

இனி ஒரு மருந்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். இத்தாலியில் காஸ்டெல் டெல் மோன்டே என்ற பழைய கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அதன் வழியாக 1960களில் டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்து பிறந்தது. அட்ரியாட்டிக் கடலின் பெயரைக் கொண்டு அதற்கு அட்ரியாமைசின் என்றும் பெயரிட்டார்கள். பலவிதப் புற்றுநோய்களுக்கு நல்ல மருந்து. ஆனால் அதற்கு ஒரு பெரிய குறை உண்டு. அது இருதயத்தைக் கெடுக்கும். ஏற்றிய மொத்த அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். அதனால் ஒரு மனிதருக்கு வாழ்நாளில் இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று டாக்டர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். நோய்க்கு இன்னும் மருந்து தேவைப்படும். இருதயமோ போதும் என்று சொல்லிவிடும்.

இதற்கிடையில், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே அலெக் பேங்ஹம் என்பவர் 1960களின் தொடக்கத்தில் வேறொன்றைக் கண்டிருந்தார். சில கொழுப்புப் பொருள்களைத் தண்ணீரில் விட்டால் அவை தாமாகவே நுண்ணிய குமிழிகளாகச் சுருண்டுகொள்கின்றன. இக்குமிழிக்கு லிபோசோம் என்று பெயர். குமிழி என்றால் உள்ளே இடம் இருக்கும். இடம் இருந்தால் சரக்கு ஏற்றலாம் அல்லவா? பாரென்ஹோல்ஸ், கபிஸோன் என்ற இரு விஞ்ஞானிகள் தம் சகாக்களுடன் அந்தக் குமிழிக்குள் டாக்ஸோரூபிசினை ஏற்றினார்கள். உள்ளே முதலில் அம்மோனியம் சல்பேட்டு உப்பை வைத்து, அதன் பலத்தால் மருந்தை உள்ளுக்கு இழுத்து, உள்ளே போனது வெளியே வராதபடி உறையச் செய்தார்கள். ஒரு குமிழிக்குள் 10,000க்கும் மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள் அடங்கின. வெளியே ஒரு வழுவழுப்பான போர்வையும் போர்த்தினார்கள். உடம்பின் காவற்காரச் செல்கள் கண்டு பிடித்து விழுங்கிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. இதுவே டாக்ஸில் என்ற பெயரில் 1995ம் ஆண்டு அமெரிக்க சர்க்காரின் அனுமதி பெற்றது. அந்த நாட்டில் அனுமதி பெற்ற முதல் நானோ மருந்து இதுதான்.

அது கட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்குக் கண்ணும் இல்லை, முகவரியும் தெரியாது. அவசரமாக வளரும் கட்டி தனக்கென்று அவசரமாக இரத்தக் குழாய்களைக் கட்டிக்கொள்கிறது. அவசரக் கட்டடத்தில் இடுக்கு இருப்பது போல அக்குழாய்களிலும் இடுக்குகள் இருக்கின்றன. நல்ல குழாயில் நுழைய முடியாத குமிழி அந்த இடுக்கு வழியே கட்டிக்குள் கசிந்து தங்கிவிடும். இதை 1986ம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த மட்சுமுரா, மயேதா என்ற இருவர் எடுத்துக் காட்டினார்கள். ஆக, நானோ மருந்து 'தேடிப் போகிறது' என்பதைவிட, உடம்பெங்கும் சுற்றி வருகையில் இடுக்கு உள்ள இடத்தில் இறங்குகிறது என்பதே உண்மைக்கு நெருக்கம்.

கொரோனா காலத்தில் நம்மில் பலர் கையில் போட்டுக்கொண்ட பைசர், மொடர்னா தடுப்பூசிகளிலும் இதற்கு உறவான கொழுப்பு நுண்துகள்களே சரக்கைச் சுமந்து வந்தன. ஆகவே வாடிக்கைக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது: நானோ உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் நம் அலமாரியில் இருந்த புட்டிக்குள் இருந்தது அதன் பெயர் மட்டும்தான். இந்த மருந்துகளை டாக்டர் எழுதி, ஆஸ்பத்திரியில் நரம்பு வழியே ஏற்ற வேண்டும். தேன் புட்டிக்குப் பக்கத்தில் அடுக்கும் சரக்கு அல்ல அவை.

கணக்கு எடுத்தபோது

இனிமேல்தான் நம் கேள்வியின் முடிச்சு வருகிறது. அனுப்பிய சரக்கில் எவ்வளவு சேர்ந்தது என்று விஞ்ஞானிகளே கணக்கு எடுத்தார்கள். கனடா நாட்டின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சான் என்பவரின் குழுவினர், அதற்கு முந்திய பத்து ஆண்டுகளில் வெளிவந்த ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து 2016ம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். எலி முதலிய பிராணிகளில் செய்த சோதனைகள் அவை. உடம்பில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டியை அடைந்தது, நடு அளவாகப் பார்த்தால், நூற்றுக்கு 0.7 பங்கு. நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வடிகட்டி எடுத்துக்கொள்கின்றன.

இப்படி அளப்பது சரியான முறை அல்ல என்று வாதித்த விஞ்ஞானிகளும் உண்டு. அதே சான் குழுவினர் 2020ம் ஆண்டில் வேறொன்றும் சொன்னார்கள்: கட்டிக்குள் போகும் துகள்களில் பெரும்பாலானவை அந்த இடுக்குகள் வழியாகப் போகவில்லை, குழாய்ச் சுவரின் செல்களே அவற்றை வாங்கி உள்ளே கடத்துகின்றன. முப்பது வருஷத்துக்கு மேலாக வாசல் என்று நம்பியது பிரதான வாசல் அல்ல என்று ஆயிற்று.

குமிழியின் மேல் முகவரிச் சீட்டு ஒட்டி அனுப்பினால் என்ன என்றும் முயன்றார்கள். புற்றுச் செல்லின் மேல் இருக்கும் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளும்படி துகள்கள் செய்தார்கள். அமெரிக்காவில் பேராசிரியர்கள் சேர்ந்து தொடங்கிய பைண்டு தெரபியூட்டிக்ஸ் என்ற கம்பெனி அவ்வழியில் பெரும் நம்பிக்கையோடு இறங்கி, 2016ம் ஆண்டில் திவால் மனுக் கொடுத்தது. வேலை நின்றுவிடவில்லை, பலர் இன்னும் முயன்றுகொண்டேதான் இருக்கிறார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நம் சகோதரர்கள் கவனிக்க வேண்டும். 0.7 என்ற கணக்கை வெளியிட்டவர்கள் நானோ மருந்துக்கு விரோதிகள் அல்ல. அதே தொழிலில் தம் வாழ்நாளைச் செலவிடுகிறவர்கள். தம் சரக்கின் குறைவைத் தாமே நிறுத்துக் காட்டினார்கள். தராசு பிடிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு உண்டு?

சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

சொல்ல வேண்டாம் என்பவர்களின் நியாயத்தை முதலில் கேட்போம். நோயாளிக்கு நம்பிக்கையே பாதி மருந்து. நோயாளியைப் பார்க்கப் போகும்போது நம் பெரியவர்கள் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். "முகம் தெளிந்திருக்கிறது, சீக்கிரம் எழுந்து நடமாடுவீர்கள்" என்று சொல்வதைப் பொய்க் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. அப்படியிருக்க, நூற்றுக்கு 0.7 என்று ஒரு நோயாளியிடம் சொல்வதால் யாருக்கு லாபம்?

இந்த நியாயத்தை நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் ஆறுதல் சொல்கிறவருக்கும் சரக்கு விற்கிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆறுதல் சொல்கிறவர் கையில் எதுவும் வாங்குவதில்லை. அவர் சொல்லை நம்பி நோயாளி ஆஸ்பத்திரித் தேதியை மாற்றுவதும் இல்லை. விற்கிறவர் சொல் அப்படியல்ல. அதை வைத்து எதிரே நிற்பவர் ஒரு முடிவு எடுக்கிறார், பணம் எடுக்கிறார், காலத்தையும் எடுத்துக் கொடுக்கிறார். முடிவு எடுக்க உதவும் சொல் எதுவோ அது எடைக்கல்லுக்குச் சமானம். எடைக்கல்லில் கருணைக்கு இடமில்லை. கருணை காட்ட விரும்புகிறவர் விலையில் காட்டலாம், கடனில் காட்டலாம், கல்லில் காட்டக் கூடாது.

நாம் சொன்ன "அப்படித்தான் போட்டிருக்கு" என்பதையும் இந்தக் கல்லில் வைத்துப் பார்த்தோம். சொல்லில் பொய் இல்லை என்று பல நாள் நமக்கு நாமே வக்கீல் வைத்து வாதாடினோம். ஆனால் அவர் கேட்டது என்ன? புட்டியில் என்ன போட்டிருக்கிறது என்றா கேட்டார்? அவருக்குப் படிக்கத் தெரியும், படித்துவிட்டுத்தான் கேட்டார். அவர் கேட்டது, அதை நம்பலாமா என்று. 15 வருஷமாக எடை குறைக்காத ஆள் என்பதற்காக நம்மைக் கேட்டார். அந்த 15 வருஷத்து நாணயத்தை நாம் அந்தப் புட்டிக்குக் கடனாகக் கொடுத்துவிட்டோம். அவர் புட்டியை நம்பி வாங்கவில்லை, நம்மை நம்பி வாங்கினார். அமானிதமாக நம் கையில் இருந்த பொருளை நாம் கமிஷனுக்கு விற்றோம் என்பதே உண்மை.

அப்படியானால் கணக்கை முகத்துக்கு நேரே எறிந்துவிட வேண்டியதுதானா? அதுவும் சரியல்ல. 0.7 என்பதை மட்டும் அந்த அம்மாளிடம் சொல்லியிருந்தால், "அவ்வளவுதானா, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஏன் போக வேண்டும்" என்று வீட்டிலேயே இருந்திருப்பார். பாதிக் கணக்கு எந்தப் பக்கத்துப் பாதியாக இருந்தாலும் பொய்க் கணக்குத்தான். பற்றை மட்டும் காட்டுவதும் வரவை மட்டும் காட்டுவதும் ஒன்றே.

முழுக் கணக்கு என்ன என்று பாருங்கள். 2004ம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. மார்புப் புற்றுநோய் பரவிய 509 பெண்களில் ஒரு பிரிவினருக்குப் பழைய டாக்ஸோரூபிசினையும், மற்றப் பிரிவினருக்குக் குமிழியில் அடைத்ததையும் கொடுத்துப் பார்த்தார்கள். நோயைத் தடுத்து நிறுத்துவதிலும் ஆயுளிலும் இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன. ஆனால் குமிழி மருந்து பெற்றவர்களுக்கு இருதயம் கெடுவது வெகுவாகக் குறைந்திருந்தது. முடி கொட்டுவதும் வாந்தியும் குறைவு. மறுபக்கம், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் சிவந்து உரியும் தொல்லை அவர்களுக்கு அதிகமாக இருந்தது. லாபமும் நஷ்டமும் சேர்ந்த கணக்கு இது.

இதைக் கேட்டபோது நாம் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். ஊர் முழுவதும் பேசுவது 'நோயுள்ள இடத்தில் சேரும்' என்பதை. இந்த மருந்தின் சோதித்து அறிந்த நன்மையோ, சேரக் கூடாத இடத்தில் சேராமல் இருப்பதில் இருக்கிறது. எதிரியை அதிகம் கொன்றது என்பதற்காக அல்ல, இருதயத்தை விட்டுவைத்தது என்பதற்காகவே அதைப் புகழ வேண்டும். விளம்பரம் சொன்ன பெருமை வேறு. உண்மையில் இருக்கும் பெருமை வேறு. உண்மைப் பெருமை விளம்பரத்தைவிட அடக்கமானது. ஆனால் நம்மை ஏமாற்றாதது.

இது மருந்துக்கு மட்டும் பொருந்துவதா? ஒரு மனிதன் எத்தனை நன்மை செய்தான் என்று எண்ணுவது எளிது. செய்யக்கூடிய தீமையில் எதை எதைச் செய்யாமல் விட்டான் என்று எண்ணுவார் இல்லை. நம் கடையில் நாம் எத்தனை ஏழைகளுக்குக் கடன் கொடுத்தோம் என்பது ஊருக்குத் தெரியும். அந்தப் புட்டியை விற்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. ஆயினும் நம் கணக்கில் அதுவே பெரிய வரவாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய சரக்கு

இன்னொரு நிகழ்ச்சியையும் குறிப்பிட வேண்டும். 2011ம் ஆண்டில் டாக்ஸிலுக்கு அமெரிக்காவிலேயே பெரும் தட்டுப்பாடு வந்தது. அம்மருந்தை ஒப்பந்தத்தில் செய்து கொடுத்த ஒஹையோ மாநிலத்து ஆலையில் தயாரிப்பு தடைப்பட்டதுதான் காரணம். பாதி வைத்தியத்தில் இருந்த நோயாளிகள் அடுத்த ஊசி எப்போது வரும் என்று தெரியாமல் திண்டாடினார்கள். 2012ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்க சர்க்கார், இந்தியாவின் சன் பார்மா கம்பெனி செய்யும் லிப்போடாக்ஸ் என்ற இதே வகை மருந்தைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய அனுமதித்தது. 2013ம் ஆண்டில் சன் பார்மாவின் மருந்துக்கு நிரந்தர அனுமதியும் கிடைத்தது.

நானோமீட்டர் கணக்கில் வழி கண்டவர்களின் மருந்து, ஓர் ஆலை நின்றதும் நோயாளியின் படுக்கைக்கு வந்து சேரவில்லை. மருந்து செல்லில் சேருவதற்கு முன் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்; நோயாளியும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கடைசி ஒரு மயிரிழைத் தூரத்தை விஞ்ஞானி பார்த்துக்கொள்கிறார். அதற்கு முந்திய நெடுந்தூரமெல்லாம் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள் நிற்கும் வழி. ஆலைக்காரர், கப்பல்காரர், கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாரும் அவ்வழியில் நிற்கிறோம். அந்த அம்மாளுக்கு மருந்து சேராததற்குக் கல்லீரலும் காரணமல்ல, குழாயின் இடுக்கும் காரணமல்ல. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நம் அலமாரி குறுக்கே நின்றது. இதை எழுத நமக்குக் கை கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் இதுவும் பாதிக் கணக்காகிவிடும்.

நாம் கண்ட முடிவு

இவ்வளவையும் யோசித்து நாம் நமக்கென்று சில முடிவுகள் செய்துகொண்டோம். சகோதரர்கள் தத்தம் மனத்தில் நிறுத்துப் பார்க்கட்டும்.

நாம் விற்கும் பொருளைப் பற்றி நமக்கே தெரியாததை, பிறர் எழுதியதைக் காட்டிச் சொல்லக் கூடாது. "போட்டிருக்கிறது" என்பது பதில் அல்ல. "எனக்குத் தெரியாது" என்பது பதில். இந்தச் சொல்லால் ஒரு விற்பனை போகலாம், நாணயம் போகாது.

நோய் என்று ஒருவர் வாயெடுத்தால் அந்த இடத்தில் வியாபாரம் நின்றுவிட வேண்டும். "டாக்டர் என்ன சொன்னார், தேதி எப்போது" என்று கேட்பதே நம் வேலை. தேதி இருந்தால் அந்தத் தேதியில் போகச் சொல்ல வேண்டும். போகப் பயந்தால், அந்தப் பயத்தை டாக்டரிடமே சொல்லிக் கேட்கச் சொல்ல வேண்டும். முடி கொட்டாமல், இருதயம் கெடாமல் வைத்தியம் செய்ய வழி உண்டா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. பதில் சொல்லக் கூடியவர் அங்கே இருக்கிறார். நம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இல்லை.

நம்பிக்கை கொடுக்க விரும்பினால் நம் கையில் உள்ளதைக் கொடுப்போம். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கொடுக்கலாம். வைத்தியம் முடியும் வரை பற்றுக் கணக்கைக் கேட்காமல் இருக்கலாம். சமைக்க ஆளில்லாத வீட்டுக்குச் சோறு அனுப்பலாம். இவை நூற்றுக்கு நூறு சேரும் சரக்குகள்.

எர்லிக் கண்ட கனவு இன்னும் முழுதும் பலிக்கவில்லை. பலிக்கும் நாள் வரலாம். வர வேண்டும் என்றே நாம் துஆச் செய்கிறோம். அது வரும் வரையில் நூற்றுக்கு 0.7ஐ ஒன்றாக்கவும் இரண்டாக்கவும் இரவு பகலாக உழைக்கிறவர்களை மதிக்க வேண்டும். அவர்களை மதிப்பதற்கு முதல் அடையாளம், அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் நாம் விற்காமல் இருப்பதுதான்.

அந்த வாடிக்கைக்காரரிடம் நாம் எல்லாவற்றையும் சொன்னோம். நானோ என்பது உண்மை, நாம் விற்ற புட்டி அது அல்ல, கேட்ட அன்றைக்கே தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டோம். புட்டிகளுக்கு வாங்கிய பணத்தை மேஜைமேல் வைத்தோம். அவர் அதைத் தொடவில்லை. வெகு நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அடுத்தவங்க யாராவது கேட்டா சொல்லுங்க பாய்" என்றார். பிறகு வழக்கம்போல் அரிசிக்குச் சீட்டு எழுதச் சொன்னார்.

அவர் சொன்னபடியே இதை எழுதினோம்.